நான் திரும்பப் போட்ட வாக்குத்தத்தம்

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எழுத உட்கார்ந்தால், முதலில் என் தப்பைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் மூன்று வருஷமாக எழுதவில்லை. சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தாலே, வெளியே செருப்பு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவள்போல எழுந்து போய்விடுவேன். பிரியமான சகோதர சகோதரிகளே, இனியும் மூடி வைத்தால் என் நெஞ்சே என்னைச் சும்மா விடாது. பொறுமையாக வாசியுங்கள்.

என் பெயர் ஞானமணி. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை பார்க்கிறார். நான் பதினாலு வருஷமாகப் பட்டாசு கம்பெனியில் புஸ்வாண ஓட்டில் மருந்து அடைக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. கம்பெனி வண்டியில் ஏறினால் இறங்கும்வரை நான்தான் பேசுவேன், போர்மேன்கூட என் வாய்க்குப் பயப்படுவார். ஆனால் உள்ளுக்குள் நான் பயந்தாங்கொள்ளி. இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று காலையில் கேட்டில் ஊக்கையும் கொண்டை ஊசியையும் கழற்றிக் கொடுக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். பதினாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அது நின்றதில்லை.

மருந்து அடைக்கும் எங்கள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. தீ, நெருப்பு, எரியுது என்கிற சொற்களை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். எங்கேயாவது விபத்து என்று கேள்விப்பட்டால், "அங்கன ஆகிப்போச்சாம்" என்பதோடு சரி. எல்லாருக்கும் விளங்கிவிடும். அதற்கு மேல் ஒருத்தியும் கேட்க மாட்டாள். கையிலிருக்கிற வேலையைப் பார்ப்போம்.

2006-ஆம் வருஷப் பிறப்பு ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்தது. காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை வழக்கப்படி ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் வரும் வசனம்தான் அந்த வருஷம் முழுவதும் ஆண்டவர் நமக்குத் தரும் வார்த்தை. அந்த அட்டைகளை வெட்டிக் கொடுத்தது என் வீட்டுக்காரர்தான். "நல்லதா ஒண்ணு பாத்து எனக்கு எடுத்து வைக்கக் கூடாதா" என்று முந்தின நாள்கூட அவரிடம் விளையாட்டாகக் கேட்டேன்.

என் முறை வந்தது. ஜெபம் பண்ணிக்கொண்டு எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். தீயின் நடுவே நடந்து போனாலும் அது உன்னைப் பொசுக்காது என்று கர்த்தர் சொல்லுகிற வசனம்.

உங்களில் எத்தனையோ பேருக்கு அது ஆறுதலான வசனம். எனக்கு அப்படி இல்லை. பொசுக்காது என்கிற சொல் என் கண்ணில் படவே இல்லை. தீ என்கிற சொல்தான் பட்டது. எந்தச் சொல்லை நாங்கள் வாயால்கூடச் சொல்ல மாட்டோமோ, அதை ஆண்டவரே அச்சடித்து என் கையில் கொடுத்துவிட்டார், இந்த வருஷம் எனக்கு ஆகப்போகிறது, முன்கூட்டியே சொல்லுகிறார் என்றுதான் நினைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதைக் கவிழ்த்துத் தட்டிலேயே போட்டேன். வேறொன்றை எடுத்தேன். அதில் ஆசீர்வாதம், சமாதானம் என்று வந்தது. அதை வேதப்புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன்.

எனக்குப் பின்னால் நின்றவள் செல்லத்தாயி. எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்க்கிறவள், என்னைவிட எட்டு வயது இளையவள். அந்தக் குடும்பத்தில் யாரும் சபைக்கு வந்ததில்லை. இவளை மட்டும் நான்தான் பேசிப் பேசி அழைத்து வந்தேன். ஒரு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். வெளியே வந்ததும் சிரித்த முகமாகத் தன் அட்டையைக் காட்டினாள்.

"யக்கா, எனக்கு என்ன வந்துருக்கு பாருங்க."

பார்த்தேன். நான் திரும்பப் போட்ட அதே வசனம். "நல்லாருக்கு தாயி" என்றேன். அன்றைக்கு வீட்டில் கறி எடுத்திருந்தது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அன்றையிலிருந்து பிடித்தது பயம். ஆண்டவர் கொடுத்ததை அவர் முகத்தில் விட்டெறிந்தவள் நான். இனி எப்படி ஜெபிக்க? முழங்காலில் நின்றால் தட்டில் அட்டையைக் கவிழ்க்கும் என் கைதான் ஞாபகம் வரும். ரூமில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் முதுகு வேர்க்கும். பக்கத்தில் இருக்கிறவள் மருந்துக் கிண்ணத்தைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் அவள்மேல் எரிந்து விழுவேன். மாசி, பங்குனி, சித்திரை என்று தள்ளினேன். சீசன் நெருங்க நெருங்க ஆர்டர் கூடியது, என்னால் அந்த ரூமுக்குள் கால் வைக்க முடியவில்லை.

ஆனி மாதம் போர்மேனிடம் போய் ஒரு பொய் சொன்னேன். "மருந்துத் தூசி சேர மாட்டேங்குது. ஒரே இருமலா இருக்கு. என்னைப் பேக்கிங்குக்கு மாத்தி விடுங்க."

"நீ பேசுற பேச்சுக்குத் தொண்டை கட்டத்தான் செய்யும்" என்றார் அவர். "மாத்தலாம். ஆனா உன் எடத்துக்கு ஒரு ஆள் வேணும்ல?"

பக்கத்தில் நின்ற செல்லத்தாயி உடனே சொன்னாள்: "நான் போறேன்யா. கல்யாணத்துக்கு முன்னாடி நான் மருந்து வேலைதான பாத்தேன். யக்கா, நீங்க பேக்கிங்ல உக்காந்து பெட்டி ஒட்டுங்க. இருமல் நல்லாகட்டும்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த அட்டை அவளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பயப்படுகிற இடத்துக்கு அவள் போகிறாள் என்றும் தெரியும். தெரிந்தும், "மகராசி, நீ நல்லாருப்ப" என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆவணி கடைசி. முதல் நாள் மழை பெய்திருந்தது. மறுநாள் நல்ல வெயில். பதினொன்றரை மணி இருக்கும், நான் பேக்கிங் ஷெட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்கவில்லை. பெரிய மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்தால் எங்கள் ரூம் வாசலிலிருந்து வெள்ளையாகப் புகை கக்கிக்கொண்டு வருகிறது.

நான் ஓடினேன். ரூமைப் பார்த்து இல்லை, கேட்டைப் பார்த்து ஓடினேன். அவள் பெயரைக்கூடக் கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி, ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் அவள் ஞாபகமே வந்தது. அந்த ரூமில் நாலு பேர். மூன்று பேர் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தார்கள். அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். செல்லத்தாயி மட்டும் இல்லை.

பிறகு இரண்டு ஆண்கள் நனைந்த சாக்கில் அவளைத் தூக்கி வந்தார்கள். நினைவு இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"யக்கா, எரியுதுக்கா" என்றாள்.

எங்கள் ரூமில் யாரும் சொல்லாத சொல்லை முதல் தடவையாக அவள் வாயிலிருந்து கேட்டேன்.

முதல் நாள் மிச்சமான மருந்து ஈரத்தில் சூடேறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். வேறு மாதிரியும் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது ஒரே காரணம்தான் தெரிந்தது. எனக்கு வந்ததை நான் அவள் தலையில் கட்டிவிட்டேன்.

சிவகாசியில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். கைகள், முதுகு, ஒரு பக்கக் கழுத்து எல்லாம் வெந்திருந்தது. முகம் தப்பியது. கொசுவலைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். அவள் புருஷன் மாரிச்சாமியும் நானும் மாறி மாறி வராந்தாவில் காத்துக் கிடந்தோம். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "புண்ணு ஆறிடும்மா. காய்ச்சல் எறங்கணும். ரத்தத்துல கிருமி பரவிடுச்சுன்னா எங்க கையில இல்ல."

காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மாரிச்சாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சின்னப்பிள்ளைபோலக் கேட்டார்.

"யக்கா, வருசா வருசம் இருக்கன்குடி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுப்பா. உங்க கூட வர ஆரம்பிச்சதுலருந்து எடுக்கல. அதுனாலயா இப்பிடி ஆச்சு?"

"அப்பிடியெல்லாம் இல்ல தம்பி" என்றேன். காரணம் நான்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டினவளுக்கு உயிர் ஊசலாடும்போது மனுஷன் யார் காலில்தான் விழமாட்டான்?

நாலாம் நாள் போதகர் ஐயா மதுரைக்கே வந்து, கொசுவலைக்கு வெளியே நின்று உரக்க ஜெபித்தார். "இவளை எழுப்பிவிட்டீர் என்று விசுவாசிக்கிறோம்" என்றார். கூட வந்தவர்கள் ஆமென் என்றார்கள். என் வாயிலிருந்து ஆமென் வரவில்லை. எனக்கு விசுவாசம் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. அவள் செத்துவிடுவாள், நான் அவள் பிள்ளைகள் முகத்தில் விழிக்க வேண்டும், கடைசி நாளில் ஆண்டவர் முகத்திலும் விழிக்க வேண்டும் என்கிற பயம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் துணி அலசப் போனேன். குழாயடியில் யாரும் இல்லை. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். அவளுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நல்ல விசுவாசி என்றால் அப்படித்தானே கேட்க வேண்டும்? "ஆண்டவரே, அவளுக்குப் பதிலா" என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எங்கே கேட்டுவிட்டால் அப்படியே செய்துவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்திலும் என் உயிர்தான் எனக்கு வெல்லமாக இருந்திருக்கிறது!

பிறகு, ஏமாற்றி என்ன ஆகப்போகிறது என்று உள்ளதையே சொன்னேன். "ஆண்டவரே, நீர் குடுத்ததை நான்தான் வேண்டாம்னு போட்டேன். இருமல்னு சொன்னதும் பொய். அன்னைக்கு அவளை விட்டுட்டு ஓடினதும் நான்தான். எனக்குப் பதிலா அவ அந்த ரூமுக்குப் போனா. அவளுக்குப் பதிலா நான் வாரேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எனக்குப் பயமா இருக்கு. ஆனாலும் அவளைக் காப்பாத்தும். என் மூஞ்சிக்காக வேண்டாம், அவ பிள்ளைகளுக்காகக் காப்பாத்தும்." அவ்வளவுதான் ஜெபம். அந்த வருஷத்தில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அது.

உடனே அற்புதம் நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் இன்னும் கூடியது. அவள் என்னென்னவோ பிதற்றினாள். போச்சு, இந்த ஜெபத்தையும் அவர் தட்டிவிட்டார் என்று நினைத்தேன். என்றாலும் அந்தக் குழாயடிக்குத் திரும்பத் திரும்பப் போனேன். வேறு எங்கே போக? அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் காலையில் நர்ஸம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் எறங்கிருச்சு. உங்க ஆளு கருவாட்டுக் குழம்பு கேக்குறாங்க" என்றார்.

நானும் மாரிச்சாமியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், அப்படியே அழுதார். நான் அந்த வராந்தாத் தரையிலேயே முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம் என்று நான் கத்தியதைக் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்து அதட்டினார்.

அதன்பின் மூன்று வாரம் கழித்து, அவள் உட்கார ஆரம்பித்த பிறகு, மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவளிடம் சொன்னேன். முதலில் அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் பதறவே இல்லை.

"அதான் எனக்குத் தெரியுமேக்கா. நீங்க தட்டுல திருப்பிப் போட்டதைப் பாத்தேன். உங்க பின்னாலதான நின்னேன்?"

"பாத்தியா? பாத்துமா அதை எடுத்த?"

"பாத்துத்தான் எடுத்தேன். இந்த அக்கா எதை வேணாங்கிறாகன்னு எடுத்து எழுத்துக்கூட்டி வாசிச்சேன். அட, நம்ம பாக்கிற வேலை சாமிக்குத் தெரிஞ்சிருக்கேன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம். ஃபேன் காத்துல உக்காந்து வேலை பாக்கிறவுகளுக்கு இந்த வசனம் எதுக்குக்கா? நமக்குத்தான வேணும்?"

இருபது வருஷமாக வேதம் வாசிக்கிறவள் நான். சபைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள் அவள்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு ரூமுக்குள்ள அம்புட்டும் வெள்ளையா இருந்துச்சு. வாசல் எந்தப் பக்கம்னே தெரியல. அந்த வசனந்தான் வாயில வந்துச்சு. அதைச் சொல்லிக்கிட்டே நடந்தேன். ஓடலக்கா, நடந்தேன். வாசப்படி காலுல தட்டுச்சு."

அவ்வளவையும் கேட்ட பிறகு இருமலைப் பற்றி எப்படிச் சொல்ல? விட்டுவிடலாம் என்று ஆசையாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. முகம் மாறிவிட்டது.

"இருமல் பொய்யாக்கா?"

"பொய்தான் தாயி."

"பயமா இருக்குன்னு சொல்லிருந்தாலும் நான் போயிருப்பேன்லக்கா. அதுக்கு எதுக்குப் பொய் சொன்னீக?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுபோன சோற்றை மாரிச்சாமி ஊட்டினால் சாப்பிட்டாள், நான் ஊட்டினால் வாய் திறக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். மூன்றாம் நாள், "தலை பிசுபிசுன்னு அரிக்குது. சீவி விடுங்க" என்றாள். சிக்கெடுத்துச் சீவி விட்டேன். மன்னித்தேன் என்று அவள் வாயால் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சடை பின்னி முடிக்கும்வரை இரண்டு பேரும் அழுதோம்.

செல்லத்தாயிக்கு இடது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாக நிமிராது. அவள் இப்போது கம்பெனிக்கு வருவதில்லை. பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மாரிச்சாமியும் எப்போதாவது சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். அவரை நான் அவசரப்படுத்துவதில்லை. என் வாயைக் கொஞ்சம் அடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் அடக்குவதில்லை. செல்லத்தாயி வீட்டுக்குத் திரும்பிய வாரமே போர்மேனிடம் போய் என் இருமல் பொய் என்று சொன்னேன். என்னை மருந்து ரூமுக்கே திருப்பி விடச் சொன்னேன். இப்போது முதல் நாள் மருந்து மிச்சம் இருந்தால் நான் உட்கார மாட்டேன். "எடுத்துட்டுப் போய் அழிச்சாத்தான் வேலை" என்று வாசலிலேயே நிற்பேன். மற்ற மூன்று பேரையும் உட்கார விடமாட்டேன். போர்மேன் திட்டுவார். ஆர்டர் நிற்கிறது என்பார். நின்றால் நிற்கட்டும். "தீப்புடிச்சா யாரு பதில் சொல்லுவா?" என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்பேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆளை அனுப்புவார்.

என் பயம் போய்விட்டது என்று சாட்சி சொல்ல வரவில்லை. போகவில்லை. இன்று காலையும் கேட்டில் ஊக்கைக் கழற்றும்போது வயிற்றைக் கலக்கியது. முன்பு அதை ஆண்டவரிடமிருந்து ஒளிப்பேன். விசுவாசி பயப்படலாமா என்று பாட்டுப் பாடி அமுக்குவேன். இப்போது, "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு, கூட வாரும்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப்போல ஒருவர் இருக்கலாம். வியாதியோ, விபத்தோ, செய்த தப்போ உங்களைப் போட்டு அமுக்கிக்கொண்டிருக்கலாம். எனக்கு விசுவாசம் போதாது, நான் எந்த முகத்தோடு கேட்பேன் என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தைரியமுள்ளவர்களின் ஜெபத்தைத்தான் ஆண்டவர் கேட்பார் என்றால், செல்லத்தாயியின் பிள்ளைகளுக்கு இன்று தாய் இருந்திருக்க மாட்டாள். பாதியில் நின்றுபோன ஒரு கோழையின் ஜெபத்தை அவர் கேட்டார். உங்களுடையதையும் கேட்பார். நடுங்கிக்கொண்டே கேளுங்கள்.